திருநீற்றை ஐயாவே பூசிக்கொள்ளட்டும், ஆச்சி

பள்ளத்தூரிலிருந்து ஒரு ஆச்சி எழுதியிருக்கிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. நீளமான கடிதம், தேவையானதை மட்டும் எடுத்துத் தருகிறேன்.

வீட்டு ஐயாவுக்கு எழுபது வயது. காரைக்குடியில் இரும்புக்கடை வைத்திருந்தவர். போன ஐப்பசியில் ஒருநாள் காலையில் காபி டம்ளரை எடுக்கப் போன வலது கை எடுக்கவில்லை, வாய் கோணிப் பேச்சும் நின்றுபோனது. மதுரையில் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு, அதனால் வந்த பக்கவாதம் என்றார்கள். வீடு திரும்பியபின் இரண்டு மாதம் பிசியோதெரபி நடந்தது, அப்புறம் நின்றுவிட்டது. இப்போது கைத்தடியும் ஒரு ஆள் துணையும் இருந்தால் வீட்டுக்குள் நடக்கிறார். வலது கை மடியில் மடங்கிக் கிடக்கிறது. பேச்சு என்றால் "சரி", "அது" இரண்டும்தான். இனி ஆச்சியின் வார்த்தையிலேயே:

"ஆறு மாசத்துக்குள்ள வந்தாத்தான் உண்டு, அதுக்கு மேல வராதுன்னு சொல்றாக. மெய்தானா? இவுகளுக்கு ஒரு குறையும் வைக்கலை, சோறு ஊட்டி விடுறதுல இருந்து துன்னூறு பூசி விடுற வரைக்கும் எல்லாம் நாந்தான். சொன்னா விரலை லேசாப் பிரிக்கிறாக, ஆனா கை எதுக்கும் உதவலை. சும்மா சும்மா அழுகுறாக. எண்ணெய் போட்டு உருவினா நாப்பத்தெட்டு நாள்ல எந்திரிச்சிருவாகன்னு ஒருத்தர் சொல்றார், இன்னொருத்தர் புறா ரத்தம் தேய்க்கச் சொல்றார். நான்தான் பயிற்சி ஒழுங்காக் குடுக்கலையோன்னு ராத்திரி தூக்கம் வர மாட்டேங்குது. தை மாசம் பேத்தி கல்யாணம், இங்க வளவு வீட்டுலதான். இவுகளைச் சபையில உக்கார வைக்கலாமா, இல்லை உள்ளுக்குள்ளயே வச்சுக்கிடவா?"

ஆச்சி, வணக்கம். முதலில் அந்த ஆறு மாதக் கணக்கு. அது முழுப் பொய் இல்லை, ஆனால் பாதிதான் உண்மை. அடைப்பு வந்த இடத்தைச் சுற்றியுள்ள வீக்கம் வடிவதும், செத்துப்போன பகுதியின் வேலையைப் பக்கத்துப் பகுதிகள் எடுத்துக்கொள்வதும் முதல் மூன்று மாதத்தில் வேகமாக நடக்கும். அதனால் அப்போது வாரத்துக்கு வாரம் வித்தியாசம் தெரியும், பார்க்கிறவர்களுக்கும் உற்சாகமாக இருக்கும். அதற்கப்புறம் வேகம் குறைகிறது. குறைகிறது என்பதை நின்றுவிட்டது என்று எடுத்துக்கொண்டு பிசியோவை நிறுத்துகிறோம், நிறுத்தியதால் முன்னேற்றமும் நிற்கிறது, "பாத்தியா, அப்பவே சொன்னாகள்ல" என்று ஆகிவிடுகிறது. வருடக்கணக்கில் உதவாமல் கிடந்த கையை மறுபடி வேலைக்குக் கொண்டுவந்த ஆய்வுகள் இருக்கின்றன. பழையபடி இரும்புக் கம்பியைத் தூக்குகிற கையாக ஆகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன், அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் மடியில் கிடக்கிற கை, தட்டைப் பிடித்துக்கொள்கிற கையாக மாறுவது பத்து மாதத்துக்குப் பிறகும் நடக்கக்கூடியதுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிக முக்கியமாகப் பட்டவை இரண்டு வரிகள். ஒன்று, "சொன்னா விரலை லேசாப் பிரிக்கிறாக" என்பது. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பெரிய செய்தி. வாதம் வந்த கையில் மடக்குவது எளிதில் வரும், பிரிப்பதுதான் கடினம். பிரிக்க வருகிறது என்றால் மூளையிலிருந்து அந்தக் கைக்குக் கம்பி முழுதாக அறுந்துபோகவில்லை.

இரண்டாவது, "எல்லாம் நாந்தான்" என்கிற வரி. கோபித்துக்கொள்ளாதீர்கள் ஆச்சி. ஐயாவின் கைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வேலை பூராவும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அன்பால் வந்ததுதான், இந்தப் பக்கத்து வீடுகளில் நான் பார்க்காத வீடு இல்லை, ஒரு பெரியவர் படுத்துவிட்டால் அவரைத் தண்ணீர் டம்ளரைக்கூடத் தொட விடமாட்டார்கள், அதுதான் மரியாதை என்று நினைப்பு. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் குரங்குகளை வைத்து இதைப் பல வருடம் பார்த்தார். ஒரு கை வராமல் போனதும் அந்தக் குரங்கு நாலைந்து தடவை முயன்று பார்க்கும், வராது, நல்ல கையால் காரியம் ஆகிவிடும். அப்புறம் கெட்ட கையில் திரும்ப உயிர் வந்தாலும் அதைப் பயன்படுத்தவே செய்யாது, வராது என்று பழகிவிட்டது. மனிதர்களிடமும் இதே கதைதான். நல்ல கைக்கு உறை போட்டு மூடி, வாதக் கையை வேலை செய்ய வைக்கும் முறையை அமெரிக்காவில் ஏழு இடங்களில் 222 பேரிடம் சோதித்தார்கள், 2006-ல் முடிவு வந்தது. வாதம் வந்து மூன்றிலிருந்து ஒன்பது மாதம் ஆனவர்கள் அவர்கள். இரண்டே வாரம்தான் அந்தப் பயிற்சி, ஆனால் ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் மற்றவர்களைவிட அவர்கள் கை நன்றாக இருந்தது. மணிக்கட்டையும் விரலையும் கொஞ்சமாவது நிமிர்த்த வருகிறவர்களைத்தான் அதில் சேர்த்தார்கள். ஐயா அந்தக் கணக்கில் வரக்கூடும்.

உடனே இடது கையைக் கட்டிவிடாதீர்கள்! இடது கையில்தான் கைத்தடி இருக்கிறது, கட்டிவிட்டு நடக்கவிட்டால் விழுந்து இடுப்பு எலும்பு போய்விடும். அந்த முழுப் பயிற்சி ஒரு பிசியோதெரபிஸ்ட் பக்கத்தில் இருந்து, ஒரு நாளில் பல மணி நேரம் செய்ய வேண்டியது. வீட்டில் நாம் அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்திருக்கும்போது, அந்தக் கைக்கு நிஜமான வேலை, தினமும்.

திருநீற்றிலிருந்து ஆரம்பியுங்கள். காலையில் குளித்துவிட்டு வந்ததும் கை வைத்த நாற்காலியில் ஐயாவை உட்கார வையுங்கள், இரண்டு பாதமும் தரையில் பதிந்திருக்கட்டும், முன்னால் ஒரு ஸ்டூல், அதன் மேல் திருநீற்று மரவை (மரக் கிண்ணம்), வலது பக்கமாக. வலது முழங்கைக்கு அடியில் ஒரு தலையணை. இப்போது நீங்கள் பேசாமல் உட்கார்ந்திருக்க வேண்டும், இதுதான் உங்களுக்குக் கஷ்டமான பகுதி. கை மெதுவாக நகரும், மரவையின் விளிம்பில் இடிக்கும், விரல் பிரியாமல் குத்தாகவே உள்ளே இறங்கும். பரவாயில்லை, அவசரமில்லை. வெளியே வந்ததும் விரல் நுனிகளைப் பாருங்கள், எந்த விரலில் நீறு ஒட்டியிருக்கிறது, எதில் இல்லை என்று. பெரும்பாலும் ஆரம்பத்தில் விரல்களின் முட்டியில்தான் ஒட்டியிருக்கும், நுனியில் இருக்காது. நாள் போகப் போக ஆள்காட்டி விரல் நுனி வெள்ளையாகும், அப்புறம் நடுவிரல். நான் அளவுகோல் வைத்துப் பார்ப்பதைவிட இது துல்லியம். நெற்றிவரை கை போகவில்லை என்றால் இடது கையால் வலது முழங்கையைத் தாங்கிக்கொண்டு போகட்டும், நெற்றியை அவர் கொஞ்சம் குனிந்து கொடுக்கட்டும். மூன்று பட்டை கோணலாகத்தான் வரும், மூக்கிலும் கண்ணிமையிலும் கொட்டும். துடைத்துவிட்டு நீங்கள் திருத்திப் பூசாதீர்கள், அப்படியே இருக்கட்டும்.

கல்யாணத்தைக் கேட்டீர்கள். அதைத்தான் நான் இலக்காக வைக்கச் சொல்கிறேன். "கை நல்லா வரணும்" என்பது ஒரு இலக்கே இல்லை, அதைப் பிடித்துக்கொண்டு யாரும் காலையில் எழுந்திருக்க முடியாது. தையில் பேத்தி வந்து விழுந்து கும்பிடும்போது ஐயா வலது கையால் அவள் நெற்றியில் திருநீறு பூச வேண்டும். முகப்பிலிருந்து வளவுக்கு (உள்முற்றத்துக்கு) நிலைப்படி தாண்டி நடந்து வர வேண்டும். இந்த இரண்டும் போதும். ஐயாவிடமும் இதைச் சொல்லிவிடுங்கள், அவருக்குத் தெரியாமல் அவருக்கு இலக்கு வைக்காதீர்கள். இன்னும் சுமார் ஐந்து மாதம் இருக்கிறது.

எத்தனை முறை செய்ய வேண்டும் என்று எல்லோரும் கேட்பார்கள், நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன், ஏனென்றால் கோட்டை விடுவது இதில்தான். 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக்காக அமெரிக்காவிலும் கனடாவிலும் பிசியோதெரபி நடக்கும் இடங்களில் போய் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள், ஒரு அமர்வில் கைக்கு உபயோகமான அசைவு சராசரியாக 32 தடவைதான் நடந்தது. மூளை புதுப்பாதை போடுவதற்கு விலங்கு ஆய்வுகளில் தேவைப்பட்டது நூற்றுக்கணக்கில். அங்கேயே அப்படி என்றால் இங்கே, வாரத்துக்கு மூன்று நாள் வந்து கையைப் பத்துத் தடவை மேலே கீழே ஆட்டிவிட்டுப் போகிற பிசியோவால் என்ன ஆகும் (எங்கள் தொழிலைத்தான் சொல்கிறேன்). அதுவும் அவர் ஆட்டுகிறார், ஐயா ஆட்டவில்லை. மற்றவர் ஆட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும், அந்த நன்மை உண்டு. மூளை கற்றுக்கொள்வதற்கு அவரே முயல வேண்டும், பாதிதான் வந்தாலும்.

அதனால் நாள் முழுக்கச் சின்னச் சின்னதாகப் பரப்புங்கள். உங்கள் வீட்டில் பல்லாங்குழி கட்டாயம் இருக்கும். புளியங்கொட்டை சின்னது, முதலில் வேண்டாம், சோழி அல்லது பெரிய பாக்கு போட்டுக் குழியிலிருந்து குழிக்கு எடுத்துப் போடட்டும், பேரப்பிள்ளைகள் இருந்தால் எதிரில் உட்காரட்டும், இல்லாவிட்டால் நீங்கள். சில்லறைக் காசைக் கொட்டி ஒரு ரூபாய், ஐந்து ரூபாய் என்று பிரித்து அடுக்கச் சொல்லுங்கள். கல்லாவில் ஐம்பது வருடம் உட்கார்ந்த கைக்குக் காசு ஞாபகம் இருக்கும், ரப்பர் பந்து ஞாபகம் இருக்காது. அந்தப் பந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், யாரோ வாங்கிக் கொடுத்திருப்பார்கள். ஏற்கெனவே மடங்குகிற கையை இன்னும் மடக்கப் பழக்குவது எதற்கு? எடுத்து வைத்துவிடுங்கள். விரல் இறுக்கம் அதிகமாகிக்கொண்டே போனால் அதற்குத் தசை தளர்த்தும் மாத்திரையும், போட்டாக்ஸ் ஊசியும் இருக்கின்றன. ஊசி மூன்று மாதம் போலத்தான் நிற்கும், செலவும் கூடுதல், அந்த மூன்று மாதத்தில் பயிற்சி செய்யவில்லை என்றால் காசு வீண். நரம்பியல் டாக்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காலுக்கு ஒரே ஒரு பயிற்சி சொல்கிறேன், உட்கார்ந்து எழுவது. உங்கள் முகப்புத் திண்ணை அதற்குத் தோதான உயரம், தாழ்வாக இருந்தால் மேலே ஒரு கெட்டி மெத்தை போடுங்கள். பாதங்களை முட்டிக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வைத்து, மூக்கு முட்டிக்கு மேலே வருகிற அளவு முன்னால் சாய்ந்து, அப்புறம் எழ வேண்டும். வலது காலிலும் பாரம் இறங்குகிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இடது காலிலேயே எழுந்துவிடுவார்கள். காலையில் ஐந்து, மாலையில் ஐந்து என்று ஆரம்பித்து ஏற்றிக்கொண்டே போங்கள்.

இப்போது எழுப்பும் விதம். வலது கையைப் பிடித்து இழுத்தோ, கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கியோ எழுப்பாதீர்கள், நீங்கள் மட்டுமில்லை, வருகிற போகிற சொந்தக்காரர்களும். தோளைச் சுற்றியுள்ள தசை தளர்ந்து மூட்டு கொஞ்சம் இறங்கியிருக்கும். அதை இழுத்தால் தோள்வலி வந்து சேரும், வந்துவிட்டால் மாதக்கணக்கில் போகாது, கைப் பயிற்சியும் அதோடு நின்றுவிடும். உத்தரத்தில் கப்பி மாட்டி, கயிற்றைப் போட்டு நல்ல கையால் வாதக் கையை மேலே இழுக்கச் சொல்கிற வழக்கம் நம் பக்கத்தில் இருக்கிறது, உங்கள் வீட்டிலும் யாராவது மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், அது தோளைக் கெடுக்கும். பிடிப்பதற்கு இடுப்புதான் சரியான இடம். வேட்டி அவிழும், அதைப் பிடிக்க முடியாது. நம் ஊர்ப் பெரியவர்கள் வேட்டிக்கு மேலே கட்டுகிற அகலமான பச்சை பெல்ட் ஐயாவிடம் கட்டாயம் இருக்கும். அதைக் கட்டிவிட்டு, நீங்கள் அவருடைய வலது பக்கம் நின்று, பின்பக்கம் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் இதற்கென்றே ஒரு பெல்ட் விற்கிறார்கள், அதற்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை.

வீட்டைப் பற்றி. செட்டிநாட்டு வீடு வாதக்காரருக்கு நல்லதும் கெட்டதும். வளவைச் சுற்றி வரிசையாகத் தூண் இருக்கிறது, தூணுக்குத் தூண் நடக்கலாம், களைத்தால் பிடித்து நிற்கலாம். இந்த வசதி சென்னை அடுக்குமாடியில் கிடையாது. கெட்டது, கட்டுக்குக் கட்டு உயர்ந்த நிலைப்படி, ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, பின்கட்டில் கக்கூஸ். நிலைப்படியில் ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக் கால் முதலில், இதை மாற்றவே கூடாது. இரண்டு பக்கமும் பிடிக்கக் கம்பி அடித்துவிடுங்கள். பர்மாத் தேக்கு நிலையில் ஆணி அடிப்பதா என்று பங்காளிகள் யாராவது கேட்பார்கள், நிலைக்குப் பக்கத்துச் சுவரில் அடித்தால் போகிறது. ஆத்தங்குடிக் கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடந்தாலும் வழுக்கும், கூட்டித் துடைத்த உடனே நடக்க விடாதீர்கள், வெறும் சாக்ஸ் வேண்டாம். கக்கூஸுக்கு ராத்திரியில் பின்கட்டு வரை நடத்திக்கொண்டு போகவே வேண்டாம், படுக்கைக்குப் பக்கத்தில் கமோடு நாற்காலியும் ஒரு சிறிய விளக்கும் வையுங்கள். மூன்று கட்டு வீட்டை ஐயா முழுக்க ஆள வேண்டும் என்றில்லை, முகப்பும் வளவும் ஒரு அறையும் அவர் கைவசம் இருந்தால் சரி.

பேச்சு. "சரி", "அது" இரண்டைத் தவிர வராது என்கிறீர்கள், பூஜையில் மட்டும் பிள்ளையார் பாட்டு முழுதாகப் பாடுகிறார், அது எப்படி என்று வேறொரு பக்கத்தில் ஆச்சரியப்பட்டிருக்கிறீர்கள். 1861-ல் பாரிஸில் பால் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த ஒருவருக்கு "டான்" என்பதைத் தவிர வேறு சொல் வராது, ஆனால் மற்றவர்கள் சொல்வது புரிந்தது. அவர் இறந்தபின் மூளையைப் பார்த்துத்தான் இடது பக்கம் முன்பகுதியில் பேச்சுக்கு ஒரு இடம் இருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். ஐயாவுக்கு அடிபட்டதும் அந்தப் பக்கம்தான். மனப்பாடமாகிப்போன பாட்டு, ஒன்று இரண்டு எண்ணுவது, திட்டுவது, இவையெல்லாம் வேறு வழியில் வருவதால் தப்பிவிடுகின்றன. புதிதாக ஒரு வாக்கியத்தைக் கட்டுவதுதான் வரவில்லை. அறிவு போய்விட்டது என்று தயவுசெய்து நினைக்காதீர்கள், அவர் எதிரில் உட்கார்ந்து சொத்து விஷயத்தையும் அவர் உடம்பையும் அவர் இல்லாத மாதிரி பேசாதீர்கள். கேள்வியைச் சின்னதாக்குங்கள். "என்ன பலகாரம் வேணும்?" என்றால் திணறுவார். "இட்லியா, பணியாரமா?" என்று இரண்டையும் காட்டிக் கேட்டால் கையாவது காட்டுவார். கேட்டபின் காத்திருங்கள், மனதுக்குள் பத்து எண்ணுகிற வரை நீங்களே பதில் சொல்லிவிடாதீர்கள். டிவியை அணைத்துவிட்டுப் பேசுங்கள். பாட்டை விடாதீர்கள், அதன் ராகத்திலேயே "காபி வேணும்", "தண்ணி குடு" என்று பாடிப் பழக்கலாம், சிலருக்கு அதுவே பேச்சுக்குள் நுழைகிற வழியாகிறது. மதுரையில் பேச்சுப் பயிற்சியாளர் ஒருவரை ஒருமுறையாவது நேரில் பார்த்துவிட்டு, மீதியை வீடியோவில் தொடர முடியுமா என்று கேளுங்கள்.

பேச்சுப் பயிற்சியாளரைப் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. "மோர் குடிக்கயில புரை ஏறுது" என்று ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். இதைச் சாதாரணமாக விடக் கூடாது. விழுங்கும் தசையிலும் பலவீனம் இருந்தால் தண்ணீர் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும், வாதத்திலிருந்து தப்பியவர்கள் பலர் அதில்தான் போகிறார்கள். பரிசோதிக்கும் வரை, நிமிர்ந்து உட்கார வைத்து, சின்ன மடக்காக, ஒரு மடக்கு இறங்கியபின் அடுத்தது. அண்ணாந்து ஊற்றிக் குடிக்கவே வேண்டாம், டம்ளரில் வாய் வைத்துத்தான். சாப்பிட்டதும் அரை மணி நேரம் படுக்க வேண்டாம்.

சாப்பாட்டை ஊட்டுவதையும் நிறுத்துங்கள். இடது கையால் சாப்பிடக் கூச்சப்படுகிறார் என்பது எனக்குப் புரிகிறது, நம்மிடையே இது சின்ன விஷயமில்லை, இலையில் இடது கை வைப்பதைப் பார்த்துவிட்டு முகம் சுளிக்கிற ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். இடது கையில் ஸ்பூன் கொடுங்கள், வலது கை தட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கட்டும், பிடிக்காவிட்டாலும் மேலே வைத்திருக்கட்டும். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத் துணி. வலது கையும் பந்தியில் இருக்கிறது, அவ்வளவுதான் வேண்டும்.

அழுகை. சம்பந்தமில்லாமல் அழுகை பொங்கிக்கொண்டு வருவதும் சட்டென்று நிற்பதும் வாதத்தால் மூளையில் உணர்ச்சியைக் கட்டுப்படுத்துகிற இடம் பழுதாவதால் வரும், அதற்குத் துக்கம் காரணமாக இருக்க வேண்டியதில்லை. அந்த நேரத்தில் "ஏன் அழுகுறீக" என்று கேட்டால் கூடும். பேச்சை மாற்றுங்கள், "இந்தா, இந்தக் காசை எண்ணுங்க" என்று கையில் எதையாவது கொடுங்கள். ஆனால் சாப்பாடு பிடிக்காமல், தூக்கம் இல்லாமல், எதிலும் பற்றில்லாமல் நாள் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் அது வேறு, அது மனச்சோர்வு. வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு வருகிறது. இரண்டுக்குமே மாத்திரை உண்டு, கேட்டு வாங்குங்கள். அரை மணி நேரம் ஆள் வந்து பேசிவிட்டுப் போனாலே அசந்து படுத்துவிடுகிறார் என்றால் அதைச் சோம்பல் என்று நினைக்காதீர்கள், மூளைக் களைப்பு. பயிற்சியைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க்காரர் விஷயம். வெதுவெதுப்பான எண்ணெயை இதமாகத் தடவுவதில் தப்பில்லை, உடம்புக்குச் சுகம், தூக்கம் வரும். அதனால் மூளையில் அடைப்பு பட்ட இடம் சரியாகாது, நாற்பத்தெட்டு நாளில் எழுந்து ஓடவும் மாட்டார். கையைத் திருகி உருவுவது வேண்டாம், தோளைச் சொன்னேனே. சூடான ஒத்தடம் மிகக் கவனம், உணர்ச்சி குறைந்த தோலில் கொப்புளம் வந்தபின்தான் தெரியும். முக்கியமாக, பத்தியம் என்று சொல்லி இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். புறா ரத்தத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. பாவம் அந்தப் புறா. ஸ்டெம்செல் என்று லட்சக்கணக்கில் கேட்டுக்கொண்டு யாராவது வந்தால், வாதத்துக்கு அது இன்னும் நிரூபிக்கப்பட்ட வைத்தியமில்லை, பேத்தி கல்யாணச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை என்றதும் நினைவு வருகிறது, "பிரஷர் நார்மலுக்கு வந்துட்டதால அந்த மாத்திரையை மட்டும் நிறுத்தியிருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை போட்டதால்தான் ஆச்சி நார்மல்! நாளைக்கே டாக்டரைப் பார்த்து மறுபடி ஆரம்பியுங்கள். பெரும்பாலானவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைக்கச் சொல்வார்கள். ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரை, கொழுப்பு மாத்திரை இரண்டும் வருடக்கணக்கில் போட வேண்டியவை. ஒருநாள் உப்பு மொத்தமாக 5 கிராமுக்குள், அதாவது சமமாக ஒரு டீஸ்பூன், அதில் வத்தல், அப்பளம், ஊறுகாய் எல்லாம் சேர்த்தி. ஊறுகாய் ஜாடியை எட்டாத இடத்தில் வையுங்கள். வாய் கோணுவது, கை விழுவது, பேச்சுக் குளறுவது, இதில் எது புதிதாக வந்தாலும் மணியைப் பார்த்துக்கொண்டு உடனே 108. அடைப்பைக் கரைக்கிற ஊசி, அறிகுறி தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள்தான் போட முடியும், பள்ளத்தூரிலிருந்து மதுரைக்கே இரண்டு மணி நேரம் போய்விடும். ஸ்கேன் எந்த ஆஸ்பத்திரியில் உடனே எடுப்பார்கள், ஊசி எங்கே போடுவார்கள் என்று இப்போதே விசாரித்து எழுதி ஒட்டி வையுங்கள். வாயில் சோடா, மாத்திரை எதுவும் கொடுக்க வேண்டாம்.

உங்கள் ராத்திரித் தூக்கத்துக்கு வருகிறேன். நம் நாட்டிலேயே ஒரு பெரிய ஆய்வு நடந்தது, 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பதினான்கு ஆஸ்பத்திரிகளில் 1,250 பேர். பாதிப் பேரின் குடும்பத்தாருக்குப் பயிற்சி கொடுக்கக் கற்றுத் தந்து வீட்டில் செய்யச் சொன்னார்கள், பாதிப் பேருக்கு வழக்கமான கவனிப்பு. ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலத்தான் இருந்தது. எங்களுக்கெல்லாம் ஏமாற்றம்தான், குடும்பத்தார் செய்தால் போதும் என்று அரசாங்கமும் நாங்களும் ஆசைப்பட்டோம். நான் இதை உங்களிடம் சொல்வது ஏனென்றால், கற்றுக் கொடுக்கப்பட்ட அத்தனை குடும்பங்களாலும் முடியாத ஒன்றை நீங்கள் தனியாகச் செய்யவில்லை என்று குற்றவாளிக் கூண்டில் ஏறி நிற்கிறீர்கள். மனைவி பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பதிலாள் இல்லை. மேலே நான் சொன்னதில் உங்களுக்கு அதிகம் வேலை இருக்காது, பெரும்பாலும் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்கிற வேலைதான், ஆளை வைத்துச் செய்ய வேண்டியதை ஆளை வைத்துச் செய்யுங்கள்.

குளிப்பாட்ட, எழுப்ப ஒரு ஆண் ஆளைச் சம்பளத்துக்கு வையுங்கள். சிங்கப்பூர் மகன் பணம் அனுப்புகிறேன் என்று கேட்டுக்கொண்டிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், இதற்கு அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்நாடு அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அதில் பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருவதோடு பிசியோதெரபிஸ்ட்டும் வீட்டுக்கு வருவார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் அல்லது உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடம் பெயர் கொடுத்தால் போதும். வசதியான வீடு, எப்படிக் கேட்பது என்று யோசிக்காதீர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கும் மனுக் கொடுங்கள், அரசு மருத்துவர் பார்த்து 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று தந்தால் அரசுச் சலுகைகளுக்கு அதுதான் அடிப்படை, சிவகங்கையில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விவரம் சொல்வார்கள். ஐயாவுக்கு அந்தச் சொல் பிடிக்காமல் போகலாம், அட்டையைப் பீரோவில் வைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு மதியம் நீங்கள் வீட்டில் இருக்கக் கூடாது, கோயிலோ தங்கை வீடோ எங்காவது போங்கள். உங்கள் பிரஷரையும் சர்க்கரையையும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை, முதுகுவலி மட்டும்தான் இருக்கிறது.

கல்யாணத்துக்கு ஐயா சபையில்தான் உட்கார வேண்டும், உள்ளே இல்லை. கூட்டம் வருவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடட்டும், கை வைத்த நாற்காலி, சுவரை ஒட்டி, வலது பக்கத்தில் யாரும் இடிக்காத மாதிரி. மேளத்துக்குப் பக்கத்தில் வேண்டாம், அந்தச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் பிடிபடாது. பக்கத்தில் ஒரு பேரனை நிறுத்தி, வருகிறவர்களிடம் "ஐயாவுக்கு நீங்க சொல்றது புரியும், பதில் சொல்லக் கொஞ்சம் நேரமாகும்" என்று சொல்லச் சொல்லுங்கள். "இன்னும் கை வரலையா" என்று கேட்கிற ஆட்கள் கட்டாயம் நாலு பேர் வருவார்கள், அவர்களை அந்தப் பையன் பந்திக்குக் கூட்டிக்கொண்டு போய்விடட்டும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்காதீர்கள், நடுவில் ஒருமுறை எழுந்து தூண்வரை நடந்துவிட்டு வரட்டும், முகூர்த்தம் முடிந்ததும் போய்ப் படுத்துக்கொள்ளட்டும். அன்றைய மாத்திரைகளைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள், உங்களுக்கு அன்றைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, அந்தப் பேரனிடம் கொடுத்துவிடுங்கள்.